நெல்லைச் சீமைக் குளங்களிலும் வயல்களிலும் பறவை பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளத்துக்கரையில் பைனாகுலரோடு நின்றால் யாராவது வண்டியை ஓரங்கட்டி, "என்ன சார் பாக்கிய?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்கள், புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கியவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஆசிரியர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, நாங்குநேரி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வட்டாரங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

பறவை பார்க்க வேண்டுமென்றால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். உங்கள் ஊர்க் குளத்தில் ஆரம்பியுங்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது. கால்வாய் தண்ணீர் குளத்துக்கு வருகிறது, ஒரு குளம் நிறைந்து வழிகிற மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிறது, குளத்து மடையிலிருந்து வயலுக்குப் பாய்கிறது. பறவைகளுக்கு இது முழுக்க ஒரே இடம். ஒரு குளத்து மரத்தில் தூங்கி, இன்னொரு குளத்தில் மீன் பிடித்து, மத்தியானம் வயல் வரப்பில் நிற்கிற நாரைக்குச் சரணாலயத்து எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கூந்தன்குளத்தில் கூடு கட்டுகிற நாரைகளும் கூழைக்கடாக்களும் சுற்றுவட்டாரத்துக் குளங்களுக்குப் போய்த்தான் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருகின்றன. அந்தச் சின்னக் குளங்கள் இல்லாமல் பெரிய சரணாலயம் இல்லை.

வருடத்துக்கு ஒரு தடவை கூந்தன்குளம் போய் வருவதைவிட, வாராவாரம் வீட்டுப் பக்கத்துக் குளத்துக்கு அரைமணி நேரம் போய் வந்தால் அதிகம் கற்றுக்கொள்ளலாம். எந்தப் பறவை எப்போது வந்தது, எப்போது காணாமல் போனது என்பது அப்படிப் போனால்தான் பிடிபடும்.

எந்த மாதத்தில் போனால் நிறையப் பறவைகளைப் பார்க்கலாம்?

நல்ல கூட்டம் வேண்டுமென்றால் தையிலிருந்து பங்குனி வரை. ஆனால் ஆங்கில மாதத்தையோ தமிழ் மாதத்தையோ பார்ப்பதைவிடத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. நம் பக்கத்துக் குளங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைகின்றன. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய வருடத்தில் மார்கழியிலேயே பல மானாவாரிக் குளங்கள் தரையாகக் கிடக்கும். மேலே மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்து ஆனி, ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தால், கால்வாய்ப் பாசனக் குளங்களில் கோடையிலும் ஈரம் இருக்கும்.

புரட்டாசியில் சேற்றோரம் இரை தேடுகிற உள்ளான்கள் வரத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாத்துகள் சேரும். தை, மாசியில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுவதில் மும்முரமாக இருக்கும். பங்குனி கடைசியில் வடக்கிலிருந்து வந்தவை கிளம்பிவிடும். வைகாசி வரை கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். ஆனி, ஆடி வெறிச்சோடிய மாதங்கள் என்று நினைக்க வேண்டாம். கார் போக நடவுக்கு வயலைச் சேறாக்கித் தொளி உழும்போது வயக்காட்டில் பறவைக்குப் பஞ்சமே இருக்காது.

குளத்தில் தண்ணீர் வற்றினால் பறவைகள் போய்விடுமா?

குளம் வற்றுவதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூட்டம் உண்டு. இதைப் புரிந்துகொண்டால், போகிற வழியில் ஒரு குளத்தைப் பார்த்ததுமே அங்கே என்ன இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மறுகால் பாய்கிற அளவுக்கு நிறைந்த குளம் முங்குகிற பறவைகளுக்கு உரியது. முக்குளிப்பான் ஒரு இடத்தில் முங்கி வேறொரு இடத்தில் எழும். நீர்க்காகம் கூட்டமாக முங்கும். பாம்புத்தாரா உடலை முழுக்கத் தண்ணீருக்குள் வைத்துக் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு போகும். நெற்றியில் வெள்ளையோடு நாமக்கோழிகள் நடுக்குளத்தில் திட்டுத் திட்டாக மிதக்கும். மேலே மீசை ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். அப்போது கரையில் நின்று நாரையைத் தேடினால் ஏமாற்றம்தான். நாரைக்குக் கால் ஊன்ற இடமில்லை.

தண்ணீர் கொஞ்சம் இறங்கி ஓரங்களில் முழங்கால் அளவு வந்ததும் வாத்துகளுக்கு யோகம். நம் பக்கம் வரும் வாத்துகளில் பெரும்பாலானவை முங்காது. தலையைக் கீழே விட்டு, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டுகிற ஆழம் வரைதான் மேயும். பாசியும் விதையும் அந்த ஆழத்தில் கிடைத்தால் தங்கும், இல்லையென்றால் அடுத்த குளம்.

இன்னும் இறங்கிச் சேறு தெரியத் தொடங்கும்போது ஓரத்தை நிதானமாகப் பாருங்கள். ஈரச் சேற்றின் விளிம்பில் கொசு உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும். கணுக்கால் தண்ணீரில் பொரி உள்ளான் நிற்கும். அதற்கும் உள்ளே சிவந்த நெடுங்காலோடு பவளக்காலி. அதற்கும் ஆழத்தில், நீண்ட அலகைக் கண் வரை சேற்றில் இறக்கிக்கொண்டு கருவால் மூக்கன். கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு உள்ளே. யாரும் வரிசைப்படுத்தாமலே வரிசையாக நிற்கும்.

கடைசிக் கட்டம், குளம் நடுவில் நாலைந்து குட்டைகளாகச் சுருங்குவது. மீனெல்லாம் அதில் அடைந்து கிடக்கும். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், சாம்பல் நாரை, எல்லா வகைக் கொக்கும், கூழைக்கடாவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். மஞ்சள் மூக்கு நாரை மீன் பிடிப்பதை ஒருமுறையாவது பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அலகைப் பாதி திறந்து கலங்கல் தண்ணீருக்குள் விட்டு, தலையை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கிளறும். சட்டென்று ஒரு சிறகை விரித்து மூடும். மிரண்ட மீன் அலகில் பட்டதும் வாய் மூடிக்கொள்ளும். அது மீனைக் கண்ணால் தேடுவதில்லை, தொட்டுப் பிடிக்கிறது. கலங்கல் தண்ணீரில் கொக்கு திணறுகிறபோதும் இந்த நாரை தின்றுகொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம்.

கூட்டில் குஞ்சுகள் வாய் திறந்து கத்துகிற மாதங்களும் குளங்கள் சுருங்குகிற மாதங்களும் ஒன்றாக வருகின்றன. சிதறிக் கிடந்த மீன் ஒரே இடத்தில் கிடைக்கிற சமயத்தில்தான் குஞ்சுக்கு அதிகப் பசி. அதனால் வற்றுகிற குளத்தைப் பார்த்து வருத்தப்பட வேண்டியதில்லை.

வருத்தப்பட வேண்டியது வேறொன்றுக்கு. தூர் வாருகிறோம் என்று குளத்தைச் சட்டி மாதிரி செங்குத்தாகத் தோண்டி, சுற்றிலும் கான்கிரீட் கரையும் நடைபாதையும் போட்டுவிட்டால், மேலே சொன்ன நாலு கட்டத்தில் மூன்று கட்டம் போய்விடும். ஆழத் தண்ணீர் இருக்கும், இல்லையென்றால் வெறும் குழி இருக்கும். மெல்லச் சரிகிற ஓரம்தான் பறவைகளின் சாப்பாட்டு இடம். தூர் வாருவது தேவையான வேலை. விவசாயத்துக்கு அது வேண்டும். மறுகாலும் மடையும் இருக்கிற பக்கம் ஆழப்படுத்தி, தண்ணீர் உள்ளே வருகிற பக்கத்துச் சரிவை அப்படியே விட்டால் இரண்டு பேருக்கும் நல்லது. உங்கள் ஊரில் வேலை நடக்கும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, கூந்தன்குளத்தில் என்ன விசேஷம்? எப்படிப் போவது?

பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம், திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு குளங்கள் சேர்ந்தது சரணாலயம், ஏறக்குறைய 129 ஹெக்டேர். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வருகிறது. 1994-இல் சரணாலயமானது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அறிவிப்பு 2022-இல் வந்தது.

குளத்துக்குள் இருக்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. அது மட்டுமென்றால் மற்ற சரணாலயங்களைப் போலத்தான். இங்கே ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லையில், தெருமுனை வேம்பில், புளியில் எல்லாம் கூடுகள் இருக்கும். கீழே துணி காயும், மேலே நாரைக் குஞ்சுகள் கத்தும். எச்சமும் நழுவி விழுகிற மீனும் வாடையும் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைப் பொறுத்துக்கொண்டு, கூட்டை ஒருவரும் கலைக்காமல், தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளிப் போடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் வெறும் உரக் கணக்குக்காக யாரும் இவ்வளவு பொறுக்கமாட்டார்கள். சரணாலயம் என்று அரசு அறிவிப்பதற்கு முன்பே காவல் இருந்தவர்கள் இவர்கள். ஊருக்குள் போகும்போது அந்த மரியாதையோடு போங்கள். வீட்டு வாசலில் நின்று மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "அம்மா, பாத்துக்கிடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அவர்களே நல்ல இடத்தைக் காட்டுவார்கள்.

தலையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு வருகிற வரித்தலை வாத்து, மங்கோலியா, திபெத் பக்கத்தில் இனப்பெருக்கம் செய்து இமயமலையைத் தாண்டி வருவது. கூந்தன்குளத்தில் அதைப் பார்க்க மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். பகலில் குளத்து மேட்டில் ஓய்வெடுத்து, சாயங்காலம் மேய்ச்சலுக்குக் கிளம்பும். பூநாரை சில வருடம் வரும், சில வருடம் வராது. அதை மட்டும் நம்பிக் குடும்பத்தோடு கிளம்பிப் போக வேண்டாம்.

திருப்புடைமருதூரில் எப்போது பார்க்கலாம்?

தை முதல் சித்திரை வரை. கடனாநதி தாமிரபரணியில் சேர்கிற இடத்தில், நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களிலும் மற்றப் பெரிய மரங்களிலும் கூடுகள் இருக்கும். வெறும் 2.84 ஹெக்டேர் இடம். 2005-இல் ஊர்க்காரர்களின் விருப்பத்தோடு இது பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இந்த வகைக் காப்பகங்களில் இதுதான் முதலாவது. படித்துறையில் உட்கார்ந்துகொண்டே நாரைகள் குச்சி கொண்டுவருவதையும் பக்கத்துக் கூட்டுக்காரன் அதைத் திருடுவதையும் பார்க்கலாம். வெயில் ஏறியதும் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்து நிற்கும், அதையும் தவறவிடாதீர்கள்.

ஊரை விட்டு வெளியே போக நேரமில்லை. டவுனுக்குள்ளேயே பார்க்க முடியுமா?

நயினார்குளம் போங்கள். திருநெல்வேலி டவுனில் காய்கறி மார்க்கெட் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா, நாரை எல்லாம் வரும். சாயங்காலம் கொக்குகள் அடைய வருகிற நேரத்தில் வக்காக்கள் 'குவாக்' என்று கத்திக்கொண்டு வெளியே கிளம்பும். ஒரு கூட்டம் வேலை முடிந்து வர, இன்னொரு கூட்டம் வேலைக்குப் போகும். பாளையங்கோட்டைப் பக்கம் புதிய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வேய்ந்தான்குளம். பஸ்ஸுக்கு முக்கால்மணி நேரம் இருக்கிறதென்றால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வண்டி இருந்தால் ராஜவல்லிபுரம், மானூர், விஜயநாராயணம் குளங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மூடிய குளங்களைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். முழுக்க மூடிவிட்டால் வாத்தும் முக்குளிப்பானும் போய்விடுவது நிஜம். ஆனால் பாதி மூடியிருந்தால் அதன்மேல் நடமாடுகிற நீலத்தாழைக்கோழி, இலைக்கோழி, ஓரத்தில் ஒளிந்து நிற்கிற செந்நாரை ஆகியவற்றைப் பார்க்கலாம்.

எல்லாக் கொக்கும் வெள்ளையாகத்தானே இருக்கிறது? எப்படிப் பிரிப்பது?

காலையும் அலகையும் பாருங்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. பறக்கும்போது அந்த மஞ்சள் பாதம் நன்றாகத் தெரியும். குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு, மாட்டுக்குப் பின்னாலோ டிராக்டருக்குப் பின்னாலோ நடக்கிறது என்றால் உண்ணிக்கொக்கு. கோடையில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும், வேறு பறவை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றிலும் உயரமாக, கழுத்தில் தெளிவான மடிப்போடு தனியாக நிற்பது பெரிய கொக்கு. அதன் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். இரண்டுக்கும் நடுவே, வாய்க்கோடு கண்ணோடு நின்றுவிடுவது நடுத்தரக் கொக்கு.

வரப்பில் மண் நிறத்தில் குறுகி உட்கார்ந்திருப்பது மடையான். பக்கத்தில் போகும் வரை தெரியாது. எழுந்து பறந்தால் சிறகு முழுக்க வெள்ளை.

நாரைகளில்?

மஞ்சள் மூக்கு நாரையைத்தான் சங்குவளை நாரை என்றும் எழுதுவார்கள். நுனி கொஞ்சம் வளைந்த மஞ்சள் அலகு, மார்பில் கறுப்பு வெள்ளைப் பட்டை, பின்பக்கத்தில் இளஞ்சிவப்பு இறகு. நத்தைக்குத்தி நாரை அதைவிடச் சின்னது. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். வயல் நத்தைதான் அதன் முக்கிய உணவு. கோடை முடிவில் அழுக்குப் பழுப்பாக, நிறமே இல்லாமல் ஒரு நாரை நின்றால் புது இனம் என்று பரபரக்க வேண்டாம், அந்த வருடத்து மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சாக இருக்கும்.

வாத்துகள் எல்லாமே பழுப்பாகத் தெரிகின்றனவே?

ஐப்பசியில் போனால் அப்படித்தான் தெரியும். வந்து சேரும்போது ஆண் வாத்துகளும் பெட்டையின் நிறத்தில் இருக்கும். தை, மாசிக்குள் புது இறகு முளைத்துவிடும். அப்போது கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு போட்டதுபோல இருப்பது நீலச்சிறகி. வால் ஊசியாக நீண்டது ஊசிவால் வாத்து. அலகு அகன்று தட்டையாக இருப்பது தட்டைவாயன். இவை மூன்றும் வெளியிலிருந்து வருபவை. அலகு நுனியில் மஞ்சள் இருக்கும் புள்ளிமூக்கு வாத்தும், பறக்கும்போது சீழ்க்கை அடிக்கும் சீழ்க்கைச்சிறகியும் நம் ஊர்க்காரர்கள், வருடம் முழுக்க இருப்பார்கள்.

குளத்து வாத்தெல்லாம் திடீரென்று ஒரே நேரத்தில் எழும்பினால் வாத்தைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து நாணலை ஒட்டித் தாழ்வாக வந்துகொண்டிருக்கும்.

வயலில் பார்க்க என்ன இருக்கிறது? கொக்கு மட்டும்தானே?

நெல் வயல் நாலு மாதத்துக்குள் குளமாகவும் புல்வெளியாகவும் வெறும் தரையாகவும் மாறிவிடுகிறது. பறவையும் அதற்கேற்ப மாறும். பிசானப் போகத்துக்குத் தொளி உழும்போது கொக்கு, அரிவாள் மூக்கன், மைனா, கரிச்சான் என்று டிராக்டருக்குப் பின்னால் ஊர்வலமே போகும். நாற்று நட்டு இடைவெளியில் தண்ணீர் தெரிகிற நாட்களில் பொரி உள்ளானும் மஞ்சள் வாலாட்டியும் வரும். பயிர் உயர்ந்து மறைப்பு கிடைத்ததும் கானாங்கோழி குஞ்சுகளோடு நடமாடும். கதிர் முற்றும்போது சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும். அறுப்பு முடிந்த தாளில் நெட்டைக்காலி, வானம்பாடி, கவுதாரி, மயில்.

வயலில் நான் ரொம்ப மதிக்கிற பறவை மயில் உள்ளான். வாய்க்கால் ஓரத்துப் புல்லுக்குள், வெளிச்சம் மங்குகிற நேரத்தில்தான் வெளியே வரும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், அது பின்பக்கம் நீண்டு வால் போட்டிருக்கும். ஆளைக் கண்டால் பறக்காமல் அப்படியே உறைந்து நிற்கும். பின்பாகத்தை மட்டும் மேலும் கீழும் மெதுவாக ஆட்டும். இரண்டில் அழகு கூடியது பெட்டை, கழுத்து செம்பழுப்பாக இருக்கும். மங்கலான ஆண்தான் அடைகாத்துக் குஞ்சும் வளர்க்கும். நீளவால் இலைக்கோழி வீட்டிலும் இதே நடைமுறைதான்.

ஆற்றுப் பாசனத்தை விட்டு நாங்குநேரி, மானூர்ப் பக்கத்துப் புஞ்சைக்கும் வாருங்கள். பனை நிற்கிற இடமெல்லாம் பனை உழவாரன் உண்டு, ஓலையின் அடிப்பக்கத்தில் கூடு ஒட்டும். தலை போன மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடை. உடைமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள். தரிசில் ஆள்காட்டி கல்லோடு கல்லாக முட்டையிட்டிருக்கும். அது தலைக்கு மேல் சுற்றிக் கத்தத் தொடங்கினால் நீங்கள் முட்டைக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம், வந்த வழியே பார்த்துப் பார்த்துத் திரும்புங்கள். பனிக்காலத்தில் தரிசுக்கு மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளியும் எலியும் தேடுகிற பூனைப்பருந்துகள் ராத்திரியில் புல்தரையிலேயே தூங்கும். தரிசு என்று நாம் எழுதி வைத்திருக்கிற நிலம் அவற்றுக்கு வீடு. அங்கெல்லாம் தேவையில்லாமல் மரம் நடக் கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சாயங்காலம் ஆயிரக்கணக்கில் வானத்தில் சுருண்டு சுருண்டு பறப்பவை என்ன?

சூறைக்குருவிகள். சோளக்குருவி என்றும் சொல்வார்கள். நம் மைனாவுக்கு உறவு. ஆவணி, புரட்டாசி முதல் பங்குனி வரை பார்க்கலாம். மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு மேற்கிலிருந்தும் வருபவை. வளர்ந்தவற்றுக்குத் தலையும் சிறகும் கறுப்பு, உடம்பு இளஞ்சிவப்பு. வெறும் பழுப்பாக இருப்பவை இளசுகள். அடைவதற்கு முன்னால் எல்லாக் கூட்டமும் ஒன்று சேர்ந்து சுற்றும். கிழக்கே திரும்பினால் மொத்தமும் கிழக்கே திரும்பும். பிறகு ஒரே நிமிடத்தில் நாணலுக்குள்ளோ முள்காட்டுக்குள்ளோ இறங்கிவிடும். சூரியன் மறைவதற்கு அரைமணி நேரத்துக்கு முன்னால் அங்கே இருங்கள்.

பறவைகளால் விவசாயிக்கு நஷ்டம் இல்லையா?

உண்டு. நட்ட மறுநாளே கூட்டமாக இறங்கினால் நாற்று மிதிபடும். கதிரைச் சில்லையும் மயிலும் தின்னும். பயிரிட்டவர் விரட்டுவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர் பாடு அவருக்குத்தான் தெரியும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. கொக்கும் கரிச்சானும் புழு, வெட்டுக்கிளியைத் தின்கின்றன. நத்தைக்குத்தி நத்தையைத் தின்கிறது. வேளாண்மைத் துறையே வயலில் பறவை தாங்கி வைக்கச் சொல்கிறது. ஆங்கில டி எழுத்து வடிவத்தில் நட்ட கம்பில் பகலில் கரிச்சான் உட்காரும், ராத்திரியில் கூகை வந்து எலி பிடிக்கும்.

விரட்டுவதில் பறவை சாகாது. கணக்கில்லாமல் போடுகிற குருணை மருந்திலும் எலிக்கு வைக்கிற விஷத்திலும்தான் சாகும். விஷம் தின்ற எலியைத் தின்கிற கூகையும் போய்விட்டால் அடுத்த போகத்துக்கு எலி பிடிக்க ஆளில்லை.

சீமைக் கருவேலத்தைக் குளத்திலிருந்து வெட்டுவது நல்லதுதானே?

பொதுவாக நல்லதுதான். ஆனால் கூடு இருக்கிற மரத்தை, கூடு இருக்கிற மாதத்தில் வெட்டக் கூடாது. கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் வேறு மரம் கிடைக்காத குளங்களில் முதலில் நாட்டுக் கருவேலம் வளரட்டும், பிறகு இதைக் கட்டம் கட்டமாக எடுக்கலாம். ஒரே நாளில் பொக்லைன் விட்டு மொத்தத்தையும் வழித்தெடுத்தால் அடுத்த தையில் வந்து பார்க்கிற பறவைக்கு உட்கார இடமிருக்காது.

பைனாகுலர் எது வாங்கலாம்?

8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குகிற, 42 மி.மீ. முன்கண்ணாடி உள்ளது. அது போதும். வாங்குவதற்கு முன் ஆறு மாதம் வெறும் கண்ணால் பாருங்கள். கரையோரத்திலேயே நிறைய இருக்கிறது.

போட்டோ எடுக்கலாமா?

எடுங்கள், கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள். கூட்டுக்கு நெருங்கினால் தாய் எழும்பும். அது எழும்பிய அந்த ஐந்து நிமிடத்தில் வெயில் குஞ்சைக் கருக்கிவிடும், இல்லையென்றால் காக்காயோ பருந்தோ முட்டையைக் கொத்திவிடும். பறக்கிற படம் வேண்டும் என்று கல்லெறிகிறவர்களையும் கை தட்டி எழுப்புகிறவர்களையும் பார்த்தால் அங்கேயே சொல்லித் தடுங்கள். தயங்க வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போக உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிற பறவை அது. ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவாகிறது. டிரோன் வேண்டவே வேண்டாம். கூடு இருக்கிற இடத்தையும் ஆந்தை இருக்கிற மரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

பார்த்ததை எழுதி வைக்க வேண்டுமா?

கட்டாயம். தேதி, நேரம், குளத்தின் பெயர், தண்ணீர் எந்த அளவு, என்ன பறவை, சுமாராக எத்தனை. இவ்வளவுதான். நோட்டில் எழுதலாம், பறவைக் குறிப்புகளுக்கான ஈபேர்டு செயலியிலும் ஏற்றலாம். 'இன்று ஒன்றுமில்லை' என்ற குறிப்புக்கும் மதிப்பு உண்டு. ஒரு குளத்தில் எப்போது பறவை நின்றுபோனது என்று பின்னால் யாராவது தேடும்போது அந்தக் குறிப்புதான் பதில் சொல்லும்.

மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாகப் போவார்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. தெரிந்தவர்களோடு ஒருநாள் முழுக்கச் சுற்றினால் புத்தகத்தில் ஒரு வருடம் படித்தது பிடிபடும். பொங்கல் விடுமுறையில் நாலு நாள் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு எங்கேயும் போக வேண்டாம். வீட்டு மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினால் போதும்.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் என்ன செய்வது? வலையில் சிக்கிய பறவையைப் பார்த்தால்?

குஞ்சு விழுந்தது சரணாலய ஊர் என்றால் அங்குள்ள வனத்துறைப் பணியாளரிடம் சொல்லுங்கள். மற்ற இடத்தில் கிடைத்தால் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில், நிழலில் வைத்து வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். பால், சோறு எதுவும் ஊட்டாதீர்கள். நாரை, கொக்குக் குஞ்சைத் தூக்கும்போது அலகை உங்கள் முகத்துக்குத் தூரமாகப் பிடியுங்கள், பயத்தில் கண்ணைக் குத்தும்.

கண்ணி, வலை, விற்பனைக்குக் கட்டி வைத்த கொக்கு எதைப் பார்த்தாலும் நீங்களே சண்டைக்குப் போகாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே சொல்லுங்கள். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையும் முட்டை எடுப்பதும் குற்றம்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. காலை ஆறு முதல் எட்டரை, சாயங்காலம் நாலரைக்கு மேல். தொப்பி, தண்ணீர், மூடிய செருப்பு அல்லது ஷூ. கரையில் நடக்கலாம், சேற்றில் இறங்க விடாதீர்கள். காய்ந்த மேல்பொருக்குக்குக் கீழே இடுப்பு ஆழச் சகதி இருக்கும். வரப்பில் பாம்பு இருக்கும், கீழே பார்த்து நடக்கச் சொல்லுங்கள். நடவு, அறுப்பு நடக்கிற வயலில் வேலைக்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். எந்த மடைப் பக்கம் எந்தப் பறவை நிற்கும் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பிள்ளைகளையே கேட்க விடுங்கள், அவர்களுக்கு இன்னும் விரிவாகச் சொல்வார்கள்.